ரசீது எழுதாத நானூறு ரூபாய்

முழங்காலில் நின்று கைகளை நீட்டியபோதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. திருவிருந்தில் இடது உள்ளங்கையின்மேல் வலது உள்ளங்கையைக் குறுக்காக வைத்து அப்பத்தை ஏந்திக்கொள்வது எங்கள் சபை வழக்கம். அப்படி நீட்டியதில் முழுக்கைச் சட்டை மேலேறி, இடது மணிக்கட்டில் கட்டியிருந்த புது எச்.எம்.டி. கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைக் குருவானவர் அப்பத் தட்டோடு எனக்கு இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. வாங்கிப் புசித்தேன். அது 1984 பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிறு. எனக்கு வயது 23.

எங்கள் ஊர் நாசரேத்துக்கும் உடன்குடிக்கும் இடையே செம்மண் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. அன்று அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது 1986இல்தான். அந்தப் பக்கத்தில் முதலூர் என்று ஓர் ஊர் உண்டு. கிறிஸ்தவர்களுக்கென்றே 1799இல் உண்டான குடியேற்றம் அது. முதலாவது ஊர் என்பதால் அந்தப் பெயர். அதன்பின் சுற்றுவட்டாரத்தில் பனைகளுக்கு நடுவே ஊருக்கு ஒரு கோயில் எழும்பியது. பனையேறிகள் காசு காசாகச் சேர்த்துக் கட்டியவை. பெண்கள் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். என் அம்மாவும் அப்படி எடுத்துவைப்பாள். அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பானையில் அவள் கைவைத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நான் போய்த் திருடினேன்.

எடுத்தது அசனப் பணம். வெளியூர்க்காரர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். முடிந்தவர்கள் கிடாய் கொடுப்பார்கள், அரிசி மூட்டை கொடுப்பார்கள். சென்னையிலும் பம்பாயிலும் கடை வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் பணமாக அனுப்புவார்கள். கோயில் வளாகத்திலேயே அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றி, விடிய விடியச் சமைப்பார்கள். பணக்காரனும் பனையேறியும் ஒரே சோற்றை, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பை, ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் உயிர். முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வாளிச் சோறு போகும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்கள். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று வரவு நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் என்னிடம் கொடுத்தார்கள். ஊருக்குள் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த பம்பாய்க்காரர் ஒருவர் டிசம்பர் 27ஆம் தேதி ஊருக்குத் திரும்பும்போது, பேருந்தில் ஏறுகிற அவசரத்தில் நான்கு நூறு ரூபாய் நோட்டுகளை என் கையில் வைத்தார். ரசீதுப் புத்தகம் வீட்டில் இருந்தது. "வீட்டுக்குப் போய் எழுதி அண்ணாச்சிக்குத் தபால்ல அனுப்புதேன்" என்றேன். "ரசீது எதுக்கு தம்பி, நீதானே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். பேனாவையும் எடுத்தேன். விளக்கு வைக்கிற நேரம், அம்மா கூப்பிட்டாள், மூடிவைத்துவிட்டேன். அந்த முதல் நாளில் எனக்குள் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்ததாக நினைவில்லை. இரண்டாம் நாள் திறந்தபோது மை இருந்தது, நேரம் இருந்தது, எழுதவில்லை. இந்த இரண்டாம் நாளை நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். திருட வேண்டும் என்று முடிவெடுத்த நாள் அல்ல அது. எழுத வேண்டாம் என்றுகூட முடிவெடுக்கவில்லை. எழுதாமலிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன், அந்த நினைப்பு இனித்தது. அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்த இனிப்புக்காகவே புத்தகத்தைத் திறந்தேன். யாக்கோபு தன் நிருபத்தில் ஆசை கருவாவதையும் அது பாவமாகப் பிறப்பதையும் சொல்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் அதை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். என் வயிற்றில் அது வளர்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் நியாயங்கள் வந்து சேர்ந்தன. கடனாகத்தானே எடுக்கிறேன், வேலை கிடைத்ததும் போட்டுவிடுவேன். மற்றவர்கள் பொழுதுபோக்குகிறபோது கோயிலுக்காகச் சம்பளமில்லாமல் அலைகிறேனே. அவருக்கு 400 ஒரு பொருட்டா. பன்னிரண்டாம் நாள், ஜனவரி 7ஆம் தேதி, திருநெல்வேலிச் சந்திப்புக்குப் போய்க் கடிகாரம் வாங்கினேன். 375 ரூபாய். மிச்சத்தில் பிரியாணி சாப்பிட்டேன், படம் பார்த்தேன். "டியூசன் காசுல வாங்குனது" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கடிகாரத்தைத் தன் கையில் வாங்கி, காதருகே வைத்துக் கேட்டு, "எய்யா, நல்லா ஓடுதுல்லா" என்று சந்தோஷப்பட்டாள்.

எங்கள் வீட்டில் பட்டினி இருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அகஸ்டின் தன் பதினாறாவது வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதை 'அறிக்கைகள்' நூலில் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசியும் இல்லை, அதைவிட நல்ல பழம் வீட்டிலேயே இருந்தது, பிறகு ஏன் திருடினேன் என்று தன்னையே விடாமல் கேட்கிறார். பேராயராகிப் பெரிய பெரிய வேத சத்தியங்களை எழுதிய மனிதர், பையனாயிருந்தபோது செய்த ஒரு பழத் திருட்டை இப்படித் தோண்ட வேண்டுமா என்று படித்த நாளில் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு என் நானூறு ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 21, சனிக்கிழமை அசனம். அந்த வருடம் வரவு குறைவு என்று கமிட்டியில் பேசி ஒரு கிடாயைக் குறைத்தார்கள். அந்தக் காலத்தில் நானூறு ரூபாய்க்கு ஒரு கிடாய் வாங்கலாம். அது எனக்குத் தெரியும். நோட்டில் விலை எழுதியவனே நான்தான். கடைசிப் பந்திக்குக் குழம்பு ஊற்றும் வாளியும் என் கையில் இருந்தது. கறி தீர்ந்து, வெந்நீர் விட்டு நீட்டிய குழம்பு. பந்தி முடிந்த பிறகு, பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த ஒருவரின் மனைவி தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். அவருக்குக் கறி என்றால் உயிர் என்று ஊருக்கே தெரியும். அகப்பையை அடிவரை விட்டுத் துழாவினேன். ஒரு எலும்பு வந்தது. "இது போதும்யா, வாசம் போதும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் கோயிலில் வரவு செலவு வாசித்தார்கள். வாசித்தது நான்தான். கணக்கு ஒரு பைசா பிசகாமல் சரியாக இருந்தது. எழுதப்படாத பணம் எந்தக் கணக்கிலும் குறையாகத் தெரியாது.

அதற்கடுத்த வாரம்தான் நான் முதலில் சொன்ன திருவிருந்து. ஆராதனையில் அதற்கு முன்னால் சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அது 'நாங்கள்' என்று பன்மையில் அமைந்த ஜெபம். நூற்றுக்கணக்கான குரல்களுக்கு நடுவே என் குரலும் போனது. அந்த ஜெபத்தைக் குறை சொல்ல நான் யார்? தலைமுறை தலைமுறையாக எங்கள் ஜனங்களை மண்டியிடச் செய்த ஜெபம் அது. ஆனால் ஒளிந்துகொள்ள நினைக்கிறவனுக்கு அந்த 'நாங்கள்' வசதியான இடம். நான் அங்கேதான் ஒளிந்திருந்தேன்.

மார்ச் 7ஆம் தேதி சாம்பல் புதன். தொடர்ந்து வந்த லெந்து முதல் ஞாயிற்றில் வழக்கம்போல இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை வாசித்தார்கள். அன்று சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. கோயிலை ஒட்டிய உபதேசியார் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். மணி அடிப்பதும், நோயாளிகள் வீட்டில் ஜெபிப்பதும், ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும் அவர்தான். திண்ணையில் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே, "சாத்தான் என்னைச் சோதிச்சு விழத்தட்டிட்டான் ஐயா" என்று முடித்தேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"ரசீதுப் புத்தகம் யார்கிட்ட இருந்துச்சு தம்பி?"

"என்கிட்டதான் ஐயா."

"கடைல வெல பேசுனது யாரு?"

"நான்தான்."

"அம்மாகிட்ட டியூசன் காசுன்னு சொன்னது?"

நான் பதில் சொல்லவில்லை.

"பெறகு ஏன் பிசாசைச் சாட்சிக்குக் கூப்பிடுதே? அவன் வந்து சோதிச்சிருப்பான், நான் இல்லைங்கல. காலையில வாசிச்சதைக் கேட்டியா? ஆண்டவரைத் தேவாலயத்து உச்சியில கொண்டு நிறுத்தினவன், அவரைத் தள்ளிவிட்டானா? குதின்னு சொன்னான். அவ்வளவுதான் அவனால முடிஞ்சது."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்திருக்கிறது. "பழியை அவன் தலையில போட்டுட்டா, சிலுவைக்கிட்ட கொண்டுபோக உன் கையில என்ன மிஞ்சும்? உன் பாவம்னு ஒத்துக்கிட்டாத்தான் அது மன்னிக்கப்படும். அவன் பாவத்துக்கு ஆண்டவர் சாகல."

அந்த இரவு நான் தூங்கவில்லை. வேதாகமத்தை எடுத்துச் சாக்குச் சொன்னவர்களாகத் தேடித் தேடிப் படித்தேன். ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், அதிலேயே அவளைத் தந்த தேவனையும் சேர்த்துக் கைகாட்டினான். ஏவாள் சர்ப்பத்தைக் காட்டினாள். பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன், பொன்னை நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி தானாக வந்துவிட்டது என்கிற பாவனையில் மோசேயிடம் பேசுகிறான். சவுல் ராஜா ஆடுமாடுகளைத் தப்பவிட்டதற்கு ஜனங்களைச் சொன்னான். பாவம் செய்தேன் என்று அவன் ஒப்புக்கொண்டபோதும், ஜனங்களுக்குப் பயந்தேன் என்று ஒரு காரணத்தைக் கூடவே ஒட்டினான். தாவீது செய்தது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. அடுத்தவன் மனைவியை எடுத்தான், அவள் புருஷனைப் போர்முனையில் சாகக்கொடுத்தான். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் விரல் நீட்டியபோது, பத்சேபாள் குளித்துக்கொண்டிருந்தாள் என்றோ, மாலை வேளை மனம் தளர்ந்திருந்தது என்றோ அவன் சொல்லவில்லை. கர்த்தருக்கு விரோதமாகத் தான் பாவம் செய்ததாக மட்டும் சொன்னான். எபிரெயத்தில் அது இரண்டே சொல் என்று பின்னாளில் ஒரு வேத ஆசிரியர் எனக்குச் சொன்னார். அந்தச் சுருக்கம் எனக்கு அன்றைக்கே உறைத்தது.

லேவியராகமத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முழுவதையும் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகவும் கொடுக்க வேண்டும். பலி அதற்குப் பிறகுதான். உபதேசியார் அதை எடுத்துக் காட்டினார். 400க்கு 80. ஆக 480. கடிகாரத்தை விற்றதில் 260 வந்தது. மிச்சம் 220க்குத் தன் கம்மலைத் தருவதாக அம்மா சொன்னாள். அவளிடம் முதலில் சொன்னபோது அவள் திட்டவில்லை. கைப்பிடி அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது திட்டைவிடக் கொடுமையாக இருந்தது. கம்மலை நான் வாங்கவில்லை. பதநீர் இறங்குகிற காலம் தொடங்கியிருந்தது. கருப்பட்டி வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதினேன், சிப்பம் கட்டினேன், வண்டியில் ஏற்றினேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பணம் சேர்ந்தது.

கமிட்டியிடம் எனக்காகப் பேசும்படி உபதேசியாரைக் கேட்டேன். "ரசீதை நீதானே எழுதல? நீயே போய்ச் சொல்லு" என்றார். போனேன். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாவீதைப்போலச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு போயும், வேலை கிடைக்காத கஷ்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வென்ற முதல் சோதனை அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். பம்பாய்க்காரருக்கு இன்லண்ட் கடிதத்தில் நடந்ததை எழுதி, ரசீதையும் தனி உறையில் அனுப்பினேன். ரசீது கிடைத்தது, அடுத்த அசனத்துக்கு வருகிறேன் என்று பதில் வந்தது. அதில் வேறொன்றும் இல்லை.

சபை அந்த வாரமே என்னை மன்னித்தது. ஐயர் ஜெபம் செய்து என் தலையில் கைவைத்தார். ஆனால் வரவு நோட்டு என் கைக்குத் திரும்பி வர ஒன்பது வருடமானது. இரண்டும் சரி. மன்னிப்புக் கிடைத்துவிட்டது, இன்னும் ஏன் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று சிலர் குறைப்படுவதைக் கேட்கிறேன். விளைவைச் சுமப்பதும் ஒப்புக்கொள்வதில் சேர்ந்ததே. தாவீதுக்கும் மன்னிப்புக் கிடைத்தது, பிள்ளை பிழைக்கவில்லை.

பிறகு ஆசிரியர் வேலை கிடைத்தது, தலைமையாசிரியரும் ஆனேன். சோதனை ஓயவில்லை. பள்ளிச் சுற்றுச்சுவர் வேலையில் சிமெண்டைக் குறைத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், வேலை முழுமை என்று கையெழுத்துக் கேட்டு ஓர் உறையை மேசைமேல் வைத்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. உறையைப் பார்த்ததும் அதே பழைய இனிப்பு நாக்கில் ஊறியது. இருபது வருடம் கழித்தும் அடையாளம் மாறாமல். நான் அவரிடம் எதுவும் வாதாடவில்லை. எழுந்து மூன்றாம் வகுப்புக்குப் போய் வாய்ப்பாடு நடத்தினேன். மணி அடித்துத் திரும்பியபோது அவரும் இல்லை, உறையும் இல்லை. போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு நின்று உபதேசம் பண்ணவில்லை, வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். ஓடினவனுக்குக் கிடைத்தது சிறைச்சாலை. எங்கள் சுவரும் ஒரு வருடம் அரைகுறையாக நின்றது; பெற்றோர்கள் என்னைத்தான் ஏசினார்கள். சோதனையை ஜெயித்தால் உடனே ஆசீர்வாதம் கொட்டும் என்று பிரசங்கிக்கிறவர்கள் யோசேப்பின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை பிறர் பணத்தை நான் தனியாக எண்ணுவதில்லை. ரசீது எழுதிக் கிழித்த பிறகுதான் நோட்டைக் கையில் வாங்குவேன். மனம் எங்காவது வழுக்கினால் அன்றிரவே என் மனைவியிடம் சொல்லிவிடுவேன். சொன்ன மாத்திரத்தில் அதன் இனிப்புப் போய்விடுகிறது.

இப்போது கூட்டங்களில் வேறொரு பேச்சைக் கேட்கிறேன். குடிக்கிறவனுக்குக் குடியின் ஆவி, கோபக்காரனுக்குக் கோபத்தின் ஆவி, கடன் வாங்கிக் கொடுக்காதவனுக்குப் பரம்பரைச் சாபம். கையை வைத்து விரட்டுகிறார்கள், ஜனங்கள் அழுகிறார்கள், இலேசாகி வீட்டுக்குப் போகிறார்கள். பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. வேதத்தை நம்புகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் மனைவியை அடித்தவன், ஆவி போய்விட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு, அவளிடம் போய் "நான் அடித்தேன், நான் செய்தது அநியாயம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறானே, அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம். அவனுக்கும் அநியாயம்தான். அவன் மன்னிக்கப்படவே இல்லை, சமாதானப்படுத்தப்பட்டான். கைபேசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு, சாத்தானின் காலம் இது என்று என்னிடம் வந்து அழுகிற பையன்களிடம் நான் உபதேசியாரின் கேள்வியைத்தான் கேட்கிறேன். கைபேசி யார் கையில் இருந்தது தம்பி?

ஒன்றை இதுவரை எழுதாமல் வைத்திருந்தேன். கமிட்டியிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், பம்பாய்க்கு எழுதினேன். தூக்குச்சட்டியோடு வந்த அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை. பணம் அவளுடையதல்ல, அவளிடம் என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. படுக்கையில் கிடந்த அவள் புருஷன் அந்த வருட மழைக்காலத்தில் இறந்துபோனார். அடுத்த அசனம் வருவதற்குள் அவளும் போய்ச் சேர்ந்தாள். இருவர் கல்லறையும் எங்கள் கோயில் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கின்றன.

உங்களுக்கும் அப்படிப் போய்ச் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவர் இருக்கும்போதே போய்விடுங்கள்.